சர்க்கரையும் இருக்கிறது, எடையும் குறைய வேண்டும்: சாப்பாட்டை எங்கிருந்து மாற்றுவது?

எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாளே நான் சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். காலைச் சாப்பாட்டை அடியோடு விட்டேன். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் பகல் பதினொன்றரை மணிக்குச் சட்டைப் பொத்தானை மாட்டப் போனால் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. அக்கா ஏதோ கேட்டாள், எரிந்து விழுந்தேன். என்ன கேட்டாள் என்பதே மண்டையில் ஏறவில்லை. அவள்தான் என் விரலைப் பிடித்துக் குத்தி மீட்டரில் வைத்தாள். 58 என்று காட்டியது. சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டிருந்தது, லோ சுகர்.

அன்று நடந்தது என்ன என்பது பிறகுதான் புரிந்தது. என் மாத்திரையின் அளவு, நான் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்து எழுதியது. தட்டை மாற்றிவிட்டேன், மாத்திரை பழைய தட்டுக்கே வேலை செய்துகொண்டிருந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர் எடை குறைக்க நினைத்தால் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் போதும். நமக்குச் சாப்பாடு, மருந்து, மீட்டர் மூன்றும் ஒன்றாகத்தான் நகர வேண்டும். அதற்கான வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. முதல் வகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், குழந்தைகள் ஆகியோருக்குக் கணக்கே வேறு. அவர்கள் தங்கள் டாக்டரோடும் டயட்டீஷியனோடும் உட்கார்ந்துதான் திட்டம் போட வேண்டும்.

முதல் வேலை: மருந்துச் சீட்டு

சமையலறைக்குப் போவதற்கு முன்னால் மருந்துகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புங்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்ட பெயரை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் நமக்கு வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தால் கவனம். இவை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று பார்த்துவிட்டு அவை வேலை செய்வதில்லை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு சோற்றையோ ரொட்டியையோ சட்டென்று குறைத்தால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை வேறு ரகம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளுபவை. இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும், மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதாக நிறுத்துவதும் கூடாது. உடலில் கீட்டோன் அமிலம் சேர்ந்து ஆபத்தாகலாம், அதுவும் மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலேயே. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் "சுகர் நார்மலாகத்தானே இருக்கிறது" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செமாகுளுடைடு போன்ற ஊசி எடுப்பவர்களுக்குப் பசியே மந்தமாகிவிடும். அவர்களுடைய சிக்கல் தலைகீழானது: நாலு வாய்க்கு மேல் இறங்காதபோது அந்த நாலு வாயில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரையையும் மறக்க வேண்டாம். எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் அந்த மாத்திரையின் அளவும் பழையதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன். என் மருந்தில் எதை, எப்போது குறைக்க வேண்டும்? எந்த எண்ணுக்குக் கீழே போனால் உங்களைக் கூப்பிட வேண்டும்?" பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்த வாரம்தான் பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். முடிவெடுத்த சூட்டோடு சூடாக ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கும். ஆனால் இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாமல் எதைக் குறைப்பது? ஒரு நோட்டில் நேரம், சாப்பிட்டது, அளவு என்று மூன்று பத்தி போடுங்கள். ருசி பார்க்க வாயில் போட்டுக்கொண்டது, குழந்தை மிச்சம் வைத்தது, டீயில் போட்ட சர்க்கரை எல்லாம் வரட்டும். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று நினைத்து எழுதினால்தான் உண்மை வரும்.

கூடவே, தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஜோடியாக மீட்டர் பாருங்கள். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இன்று காலைச் சாப்பாடு என்றால் நாளை மதியம், மறுநாள் இரவு. தனியாக ஒரு எண் அதிகம் சொல்லாது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு ஏறியது என்பதுதான் அந்தத் தட்டைப் பற்றிய சேதி. பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் காட்டும் மீட்டரில் 4.4 முதல் 7.2, பிறகு 10க்குக் கீழே). வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்தித் தருவார்.

நானும் அக்காவும் ஒரே பானையிலிருந்து ஒரே அளவு சோறு போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறோம். எனக்கு 60 ஏறியது, அவளுக்கு 95. அன்றிலிருந்து "இது சாப்பிடலாம், அது கூடாது" என்று யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வேன், ஆனால் என் மீட்டரைக் கேட்காமல் நம்புவதில்லை.

விடிகாலை வெறும் வயிற்று எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது உயர்ந்திருந்தால் நேற்று இரவுச் சாப்பாட்டின் மேல் பழி போட்டு, இரவு பட்டினி கிடக்கத் தோன்றும். விடியும் நேரத்தில் கல்லீரலே சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, பலருக்கு அந்த எண் அதனால்தான் ஏறுகிறது. எடை இறங்கும்போது இது மெல்லச் சரியாகும், ஆனால் கடைசியாகத்தான் சரியாகும் என்பதே என் அனுபவம். அதை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

எவ்வளவு குறைய வேண்டும்?

உங்கள் எடையில் 5 சதவீதம். 80 கிலோ என்றால் 4 கிலோ. இதுதான் முதல் இலக்கு. சின்னதாகத் தெரியலாம், ஆனால் ரத்தச் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அதற்கு மேல் குறையக் குறையப் பலன் கூடும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வின் முடிவு 2017 டிசம்பரில் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத 306 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 825 முதல் 853 கலோரி மட்டுமே தரும் சூப், பானம் போன்றவற்றைக் கொடுத்தார்கள், பிறகு படிப்படியாகச் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருட முடிவில் அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் இறங்கியவர்களில் அது 86 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு நாளையே 800 கலோரிக்கு இறங்கிவிடாதீர்கள். அந்த ஆய்வில் தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரைகளையும் அழுத்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்தார்கள். தட்டும் மருந்தும் சேர்ந்து நகர்ந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் செய்வதற்கு, இப்போது சாப்பிடுவதிலிருந்து தினம் 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் ஆரம்ப மாதங்களில் வாரத்துக்கு அரை கிலோ அளவுக்கு இறங்கலாம். 500 கலோரி என்பது எங்கே இருக்கிறது என்று நோட்டிலேயே தேடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலை 170. சமைத்த சோறு 100 கிராம் 130. இனிப்புக் குளிர்பானம் ஒரு கேன் 140 அளவு. என் நோட்டில் பாதிக் கணக்கு எண்ணெயிலேயே முடிந்துவிட்டது.

தட்டைப் பிரிப்பது

கலோரி எண்ணுவது எல்லோருக்கும் ஒத்துவராது. அதற்குப் பதில் தட்டைக் கண்ணால் பிரித்துக்கொள்ளலாம். விளிம்புக்கு விளிம்பு 23 சென்டிமீட்டர், அதாவது 9 அங்குலம் உள்ள தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், வீட்டில் உள்ள பெரும்பாலான சாப்பாட்டுத் தட்டுகள் இதைவிடப் பெரிது.

பாதித் தட்டு காய்கறி. கீரை, கோஸ், பீன்ஸ், கத்தரி, வெள்ளரி, தக்காளி, காலிஃபிளவர் என்று மாவு அதிகம் இல்லாத எதுவும். உருளைக்கிழங்கும் சோளமும் கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிந்தாலும் தட்டில் அவை சோற்றின் பக்கம்தான் போக வேண்டும். கால் தட்டு புரதம்: முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பருப்பு, சுண்டல், சோயா, பனீர். மிச்சக் கால் தட்டுதான் சோறோ ரொட்டியோ கிழங்கோ. குடிக்கத் தண்ணீர்.

காய்கறிப் பாதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கரண்டி பொரியலை ஓரத்தில் வைத்துவிட்டுக் காய் சாப்பிட்டேன் என்பார்கள். பாதித் தட்டு என்றால் இரண்டு கை கொள்ளும் அளவு. அதை நிரப்பாமல் சோற்றை மட்டும் குறைத்தால் நாலு மணிக்குப் பசி பிராண்டும், பிறகு பிஸ்கட் டப்பாதான். தட்டைப் பரிமாறும் வரிசையும் இதுவாகவே இருக்கட்டும்: முதலில் காய், அப்புறம் புரதம், கடைசியில் மிஞ்சிய இடத்தில் சோறு. சாப்பிடும்போதும் அதே வரிசை நல்லது. காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுச்சத்துக்குப் போனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைவாக இருப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மீட்டரில் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடலாம், செலவு இரண்டு ஸ்ட்ரிப்தான்.

பருப்பு வகைகளைப் பற்றி ஒரு குழப்பம் வரும். வேகவைத்த பருப்பு 100 கிராமில் புரதம் 9 கிராம், மாவுச்சத்து 20 கிராம் அளவு. அது புரதமா, மாவா? இரண்டும்தான். ஆனால் அந்த மாவோடு 8 கிராம் வரை நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் மெதுவாக ஏறும். அசைவம் சாப்பிடாதவர்கள் புரதத்துக்குப் பருப்பை நம்பும்போது சோற்றுக்கான கால் தட்டை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. புரதம் இல்லாமல் குறைத்தால் இன்னும் அதிகமாகப் போகும். ரத்தச் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய இடமே தசைதான், அதை இழப்பது நமக்குக் கட்டாது.

கரண்டியும் தராசும்

மாவுச்சத்தை மட்டும் கிராமில் அறிந்துவைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரையை நேரடியாக ஏற்றுவது அதுதான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நீங்கள் அடிக்கடி சாப்பிடும் பத்துப் பதினைந்து பொருள் போதும். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. வெட்டிய பிரெட் ஒரு துண்டில் 15. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27. ஒரு கோப்பைப் பாலில் 12.

நான் செய்தது இதுதான். சமையலறைத் தராசில் தட்டை வைத்துச் சுழியாக்கினேன். எப்போதும் போடுவதுபோல், யோசிக்காமல், என் கையால் சோறு போட்டேன். 340 கிராம். கிட்டத்தட்ட 95 கிராம் மாவுச்சத்து, ஒரே வேளையில். சோறு 150 கிராம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கமான கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தட்டையாக வழித்த கரண்டி 55 கிராம், குவித்தால் 80. அந்த வாரம் முழுதும் வழித்த கரண்டி மூன்று என்று வைத்துக்கொண்டேன், 165 கிராம் சோறு, 46 கிராம் மாவுச்சத்து. பத்து நாளில் தராசை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன், கண் பழகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி எடுத்து வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் கரண்டி கொஞ்சம் குவிந்திருக்கும்.

வேளைக்கு எத்தனை கிராம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலரும் 30 முதல் 45 கிராமில் தொடங்குகிறார்கள். அதைவிட முக்கியம், இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரே வேளைக்குத் தினம் ஒரே அளவு வைத்துக்கொள்வது. இன்று மதியம் 90, நாளை 20 என்று ஆடினால் எந்த டாக்டராலும் மருந்தளவைச் சரியாகச் சொல்ல முடியாது.

சிறுதானியம், கைக்குத்தல் அரிசி, முழுக் கோதுமை எல்லாம் நல்லவைதான், நார்ச்சத்து கூட, பசி தாங்கும். ஆனால் அவையும் மாவுச்சத்துதான். "இது சர்க்கரைக்கு நல்லது" என்ற நம்பிக்கையில் இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டு ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாக்கெட்டில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று போட்டிருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம், எந்த அளவுக்கு அந்தக் கணக்கு என்று இரண்டையும் படியுங்கள்.

பழம் சாப்பிடலாம். முழுதாக, ஒரு நேரத்துக்கு ஒன்று, சின்னதாக. ஜூஸ் வேண்டாம். ஒரு கோப்பை ஆரஞ்சு ஜூஸில் 26 கிராம் மாவுச்சத்து, அதற்கு மூன்று பழமாவது பிழிய வேண்டும். மூன்று பழத்தை உரித்துத் தின்றால் வயிறு போதும் என்று சொல்லும், ஜூஸ் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். ஜூஸுக்கு வீட்டில் ஒரே ஒரு வேலை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள்

நோட்டைப் புரட்டி, எந்த வேளை சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் அந்த ஒரு வேளைதான் உங்கள் வேலை. மற்ற இரண்டையும் அப்படியே விடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்றும் தெரியாது, லோ சுகர் வந்தால் எதனால் என்றும் தெரியாது.

எனக்கு அது காலைச் சாப்பாடு. முன்பு நான்கு துண்டு பிரெட்டும் ஜாமும் பால் டீயும். 60 கிராம் பிரெட்டில் மட்டுமே வந்தது, ஜாமையும் டீச் சர்க்கரையையும் சேர்த்தால் 80க்கு மேல். இதை இரண்டு துண்டு பிரெட், இரண்டு முட்டை, எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் வதக்கிய காய் ஒரு கிண்ணம், சர்க்கரை போடாத டீ என்று மாற்றினேன். மாவுச்சத்து 35 கிராமுக்கு வந்தது. ஏற்றம் 110லிருந்து 45க்கு இறங்கியது. டாக்டர் காலை மாத்திரையைப் பாதியாக்கிய பிறகுதான் இதைச் செய்தேன், இரண்டாம் முறை 58ஐப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஏழு நாளைக்கு இருபத்தொரு விதமான சாப்பாடு என்று அட்டவணை போடாதீர்கள், இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு வேளைக்கும் உங்கள் மீட்டர் ஒப்புக்கொண்ட இரண்டு அல்லது மூன்று தட்டுகள் போதும், அவற்றையே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைப்பதையே நீங்களும் சாப்பிடுவதுபோல் அமைத்தால் இன்னும் நிலைக்கும். தட்டில் விகிதம்தான் வேறு, பானை ஒன்றே. சமைப்பவருக்கு வேலை கூடினால் அந்தத் திட்டம் ஓடாது.

முடிந்தால் பெரிய சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். நடக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர எண்ணிலேயே வித்தியாசம் தெரியும்.

லோ சுகர் எடையைக் குறைய விடாது

70க்குக் கீழே (3.9 மில்லிமோல்) போனால் லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், தாங்க முடியாத பசி. 15 கிராம் வேகமான சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டும்: அரைக் கோப்பை ஜூஸ், அல்லது தண்ணீரில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் மாத்திரை. பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியபின் அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் சிறிதாக ஏதாவது சாப்பிடலாம். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்ளிபோஸ் (மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் மாத்திரைகள்) எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அவர்கள் குளுக்கோஸாகவே வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம் மிகவும் நீளமானது. மூளை "சாப்பிடு, சாப்பிடு" என்று அடித்துக்கொள்ளும். நான் அன்று ஜூஸ் குடித்தேன், அதோடு நிற்காமல் ஐந்து பிஸ்கட், ஒரு வாழைப்பழம், முந்தைய இரவின் மிச்சச் சோறு. மாலையில் 260. காலையிலிருந்து சேமித்த கலோரியெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், வாரத்துக்கு இரண்டு முறை லோ சுகர் வந்து, அதற்காக இரண்டு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எடை எப்படி இறங்கும்? "லோ ஆகாமல் இருக்கத்தான் இடையில் பிஸ்கட் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் மருந்துக்காகச் சாப்பிடுகிறார்கள். அங்கே குறைக்க வேண்டியது பெரும்பாலும் மருந்தின் அளவு. தேதி, நேரம், எண், அதற்கு முன் சாப்பிட்டது எல்லாம் எழுதி டாக்டருக்குத் தெரிவியுங்கள், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

எடை நகராதபோது

வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, காலையில் கழிவறை போய்விட்டு வந்து எடை பாருங்கள். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் மகிழ்ச்சிதான், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். மூன்றாம் வாரம் கால் கிலோதான் என்றால் திட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் மிச்சம் சிறுநீரில் வழிந்து போகும். கட்டுப்பாடு இல்லாமல் இருந்த காலத்தில் பலர் மெலிவது அதனால்தான். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அந்தக் கலோரி வெளியே போகாமல் உடலிலேயே தங்கும். ஆகவே எண்கள் நன்றாகி, எடை மட்டும் ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். உங்கள் உடல் சாப்பிட்டதை இப்போதுதான் ஒழுங்காகப் பயன்படுத்துகிறது. இந்தக் கட்டத்தில் எண்ணெயையும் கொறிப்பதையும் ஒரு படி குறைத்தால் எடையும் திரும்பும்.

நான்கு வாரம் ஒரே இடத்தில் நின்றால் நோட்டை மறுபடி ஒரு வாரம் முழுதாக எழுதுங்கள். தராசை எடுங்கள். எண்ணெய்ப் பாட்டிலில் தேதி ஒட்டி வைத்து ஒரு மாதத்தில் எவ்வளவு தீர்கிறது என்று பாருங்கள், அதை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கண் திறக்கும். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள். இன்சுலினும் கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளும் எடையைக் கூட்டக்கூடியவை, உங்களுக்குப் பொருந்தும் மாற்று இருக்கிறதா என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

விருந்துக்கோ வெளியூருக்கோ போகிற நாளில் தட்டைப் பாதியாவது பிரித்துக்கொள்ளுங்கள், போதும். அன்று அதிகமாகிவிட்டது என்று மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். மாத்திரை மறுநாளும் அதே அளவுதான், நினைவிருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்கச் சொல்வார்கள். அன்று நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டு போனால் டாக்டரின் பத்து நிமிடம் வீணாகாது: எடை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்திருக்கிறது, 70க்குக் கீழே எத்தனை முறை எந்த நேரத்தில் போனது, இப்போது ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடுகிறீர்கள். கண் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் கடைசியாக எப்போது செய்தது என்பதையும் அடியில் எழுதுங்கள். பழைய சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, அவர் தரும் புதிய அளவை இப்போதைய தட்டுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.